மண்டோர் மனப்பாடம் செய்த கடைசிக் காட்சி

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து ஓர் இளைஞர் எங்கள் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தார். தட்டிப் பார்த்துவிட்டு, "சார், புரோகிராம்ல ஒரு சின்ன ஓட்டை இருக்கு," என்றார்.

என்ன ஓட்டை? நாம் டைப் செய்யும்போது அது தானாக ஒரு தற்காலிகப் பிரதி எடுத்து வைக்குமாம். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அழிக்காது. அந்தப் பிரதியை யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். அடுத்த முறை புரோகிராம் அதையே அசல் என்று எடுத்துக்கொள்ளும்... மாற்றியது யார் என்று கேட்காது.

"பெரிய ஆபத்து ஒண்ணும் இல்ல லா," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஓட்டையை எனக்குப் போன வருஷமே தெரியும்.

எங்கள் கோலசிலாங்கூர் பக்கம் கோயில் திருவிழா என்றால் நாடகம் உண்டு. எங்கள் தோட்டத்தில் எழுதுவது நான். ஆபீஸ் கணக்கு வழக்கைப் பார்க்கும் பெரிய கிராணி என்பதால் யாரும் போட்டிக்கு வருவதில்லை. போன வருஷம் கம்ப்யூட்டர் வந்த புதிது. ஆசையாக, அந்த வருஷ நாடகத்தைத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். கதை இதுதான்: டவுனில் வேலை கிடைத்த பெண்ணை அப்பா அனுப்ப மறுக்கிறார். கடைசிக் காட்சியில் அவள் அழுதுகொண்டே அத்தை மகனைக் கட்டிக்கொள்கிறாள்.

கதை எங்கே கிடைத்தது? பக்கத்து மேஜையில்தான். டைப்பிஸ்ட் கோமதிக்கு ரவாங் டவுன் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் வேறொருத்திக்குப் போய்விடும். அவள் அப்பா, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வேலு, "பொம்பளப் புள்ள வெளியூர்ல தங்குறதா?" என்று ஒரே பிடியாக நின்றார். நாடகத்திலும் அப்பா வேஷத்தை அவருக்கே கொடுத்தேன் — இயல்பாக இருக்குமே.

கடைசிக் காட்சியை முடிக்கும் நேரம் கரண்ட் போனது. மறுநாளிலிருந்து எனக்குக் காய்ச்சல், ஒத்திகைக்கே போக முடியவில்லை. கோமதியே பிரிண்ட் எடுத்து, வீட்டில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டி வசனம் பழக்கினாள்.

கடைசி ஒத்திகையில்தான் கேட்டேன். வேலு அண்ணன் மகளாக நடித்தவளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எம் பயத்துக்காக ஒன்னய வீட்டுல பூட்டி வைக்கிறது நியாயமில்ல. போயிட்டு வாம்மா," என்றார்.

நான் எழுதாத வசனம். கோமதியைப் பார்த்தேன். அவள் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் வந்தது, மறைப்பானேன்? வாய் திறப்பதற்குள் வேலு அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா எழுதிருக்கீங்க கிராணி. மனசுல பட்டுருச்சு." இதற்கு மேல் எந்த எழுத்தாளன் உண்மையைச் சொல்வான்?

திருவிழாவில் அதே வசனத்துக்குத் தோட்டமே கை தட்டியது. மறுநாள் காலை வேலு அண்ணன் ஆபீசுக்கு வந்தார், முகம் வாடியிருந்தது.

"அத்தன பேரு முன்னால சொல்லிட்டேன் கிராணி. இனி எப்படி மாத்துறது?"

"நாடகந்தானே அண்ணே..."

"ஒங்களுக்கு நாடகம். அவ பெட்டி கட்டிட்டா லா." வாசல் வரை போய்த் திரும்பினார். "ரவாங் பஸ் எத்தன மணிக்கு?"

நாடக வசனமும் தற்காலிகம்தான். திரை விழுந்ததும் அழிந்திருக்க வேண்டும். அது அழியாமல் நின்றதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

கோமதி இப்போது ரவாங்கில் புதிதாகச் சேரும் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்குகிறாள். வேலு அண்ணன் அடிக்கடி பஸ் ஏறிப் பார்த்துவிட்டு, பெருமை பேச நேராக ஆபீசுக்குத்தான் வருகிறார்.

"ஓட்டைய அடைச்சிட்டேன் சார்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் இளைஞர்.

நல்ல பிள்ளை. ஒரு வருஷம் தாமதமாக வந்தாரே, அதற்கு அவருக்கு ஒரு நன்றி.