போயிட்டு வரேன், மேடம்

பத்தொன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே லட்சியம், சின்னம்மாவின் ஜவுளிக்கடையில் சேலை மடிக்காமல் தப்பிப்பதுதான். கடை எங்கள் தீவின் லிட்டில் இந்தியாவில் இருந்தது. சின்னம்மா நல்லவர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, கடை திறப்பதற்கு முன்பே அது திறந்துவிடும். பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் முப்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கரை சரியில்லை என்று நடையைக் கட்டுவார்கள். முப்பதையும் நான் மடிப்பேன். மடித்து முடிக்கும்வரை சின்னம்மா என் மூஞ்சியில் ஏன் சிரிப்பே வரமாட்டேன் என்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

என் தேர்வு முடிவு வந்த அன்றே, பிள்ளை எங்கும் அலைய வேண்டாம், கடைக்கு வரட்டும் என்று சின்னம்மா சொல்லிவிட்டார். அம்மாவும் சரியென்று தலையாட்டிவிட்டார். இந்த நேரத்தில்தான் இளையோர் வேலைப் பயிற்சித் திட்டம் என்று ஓர் அறிவிப்பு என் கண்ணில் பட்டது. மூன்று வாரம் வகுப்பு, ஐந்து மாதம் பாயான் பாரு பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, தேறினால் நிரந்தரம். அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக அம்மாவிடம் ஒப்புதல் வாங்கினேன். வேலை கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் கடைக்குப் போவேன் என்று சாமி படத்துக்கு முன்னால் என்னைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் அம்மா விட்டார்.

வகுப்பில் நாங்கள் பன்னிரண்டு பேர். எப்படிக் கைகுலுக்குவது, எப்படி உட்காருவது, கேள்வி கேட்கிறவரின் கண்ணைப் பார்த்து எப்படிப் பேசுவது என்று மூன்று வாரமும் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னிடம் உள்ள குறை என்ன என்று யாராவது கேட்டால், 'நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன், அதுதான் என் குறை' என்று சொல்ல வேண்டுமாம். பன்னிரண்டு பேரும் அதையே மனப்பாடம் செய்தோம். அடேயப்பா, அப்படி ஓர் உழைப்பாளிக் கூட்டத்தை அந்தத் தீவு அதற்கு முன் கண்டிருக்காது.

தொழிற்சாலைக்குள் தூசி ஆகாது. தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. முதல் நாள் அம்மா என் நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்பியிருந்தார். வாசலில் என்னை நிறுத்தி மூன்று முறை முகம் கழுவ வைத்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அசரவில்லை. மறுநாளிலிருந்து திருநீற்றை என் நாக்கில் போட்டு அனுப்பினார்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ் முஸ்லிம் பெண். பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்தே என் தோழி. அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க இருவரும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மின்சுற்றுப் பலகையில் ஈயப் பற்று சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். அவளுக்குக் கண் கழுகுக் கண். எனக்கு வாய் மட்டும்தான். ஐந்து மாதத்தில் சிலர் வேலை பிடிக்காமல் ஓடினார்கள், சிலர் படிக்கப் போனார்கள். கடைசியில் மிஞ்சியது நாங்கள் இருவர். காலி இடம் ஒன்று.

நேர்காணல் அன்று முதலில் என்னை அழைத்தார்கள். உள்ளே சீன மேடம் ஒருவர், அவர் பக்கத்தில் மலாய்க்கார அதிகாரி. குறை என்ன என்று கேட்டார்கள். அளவுக்கு மீறி உழைப்பேன் என்றேன். அதிகாரி இருமினார். இன்னும் நாலைந்து கேள்வி கேட்டபின் மேடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். இப்போதைக்கு இவ்வளவுதான், அடுத்து நுண்ணோக்கிச் சோதனை என்று சொல்லியிருக்கிறார். நடுங்கிக்கொண்டிருந்த என் காதில் 'இவ்வளவுதான்' மட்டும் விழுந்தது. எழுந்துவிட்டேன்.

இங்கேதான் என் வாய் என்னைக் கவிழ்த்தது. எங்கள் வீட்டில் 'போறேன்' என்ற சொல்லே கிடையாது. தவறிச் சொல்லிவிட்டால் அம்மா திரும்பக் கூப்பிட்டு, உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கிளம்பலாம். வேலை கேட்டு வந்த இடத்தில் அபசகுனமாகப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? கைகுலுக்கி, கண்ணைப் பார்த்து, வகுப்பில் கற்ற அத்தனை பணிவோடும் சொன்னேன்.

"ஐ கோ அண்ட் கம், மேடம்."

மேடம் முகத்தில் ஒரு பரிவு தெரிந்தது. போ, போ, அவசரமில்லை என்றார். எவ்வளவு தன்மையான பெண்மணி என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். நடைவழியில் காத்திருந்த தோழியிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு, கழிவறைப் பக்கமாக இருந்த படிக்கட்டில் இறங்கி, வாசலைத் தாண்டி, பஸ் ஏறிவிட்டேன்.

பஸ் சுங்கை நிபோங் தாண்டும்போது தொலைபேசி அடித்தது. தோழிதான்.

"டாய்லெட்ல எவ்வளவு நேரம்டி? இன்னும் டெஸ்ட் இருக்காம். மேடம் எதுத்தாப்லதான் நிக்கிறாங்க. சீக்கிரம் வா லா."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். என் 'ஐ கோ அண்ட் கம்' மேடத்துக்குக் கழிவறைக்குப் போய் வருகிறேன் என்று கேட்டிருக்கிறது. அடுத்த நொடி கண் கலங்கிவிட்டது. மேடம் கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டு, நான் கழிவறையில் இருப்பதாகவே பேசி என்னைக் காப்பாற்றுகிறாளே! 'அவள் போய்விட்டாள், மேடம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடம் அவளுடையது. இப்படி ஒரு மனசா?

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, டாக்சி பிடித்துத் திரும்பினேன். சாப்பாட்டுக்கூடத்து வழியாக நுழைந்து கழிவறைக்குள் ஓடினால், அங்கே காவலுக்கு இருக்கும் மலாய்க்கார அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டி என்னைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசிக் கதவுக்குள் மாட்டியிருந்த யாரோ, நான் அவள் இல்லை என்று நாலாவது முறையாகக் கத்தினார். வெளியிலிருந்து மூச்சிரைக்க வந்த என்னைக் காவல்காரம்மா மேலும் கீழும் பார்த்தார். கையைக் கழுவு என்று மட்டும் சைகை காட்டினார்.

மேடம் என் வியர்வையைப் பார்த்துப் பதறி, கைப்பையிலிருந்து தைலம் எடுத்துக் கொடுத்து வயிற்றில் தேய்க்கச் சொன்னார். தேய்த்த கையோடு கண்ணைத் துடைத்துத் தொலைத்தேன். எரிகிற கண்ணோடுதான் நுண்ணோக்கிச் சோதனையை முடித்தேன். முடிவு ஒரு வாரத்தில் வந்தது. வேலை எனக்கு. சோதனையில் அவள்தான் கூடுதல் மதிப்பெண்ணாம், பேச்சில் நானாம். உடம்பு முடியாமல் இருந்தும் ஓடாமல் நின்ற பெண் என்று மேடம் என்னைப் பற்றி எழுதியிருந்தாராம். நான் பெருமைப்பட வேண்டுமா வெட்கப்பட வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை.

முடிவு வந்த அன்றே தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறிப் போனது, திரும்பி வந்தது எல்லாம் சொல்லி அழுதேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சரி விடு என்றாள். ஆறு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. கல்யாண வீட்டில் அவளுடைய தியாகத்தைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று விவரித்தேன். அதன் பிறகு ஒன்பது வருடம், தீபாவளி முறுக்கில் முதல் டின் அவளுக்குத்தான். அவள் பிள்ளைகளிடமும் அந்தக் கதையைச் சொன்னேன், அவள் மாமியாரிடமும் சொன்னேன்.

இப்போது அதே தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் இந்தக் கதைதான் முதல் பாடம். போன மாதம் எனக்கு ஓர் ஆசை வந்தது. கதாநாயகியையே நேரில் அழைத்து வந்து பேச வைத்தால் என்ன? பாயான் பாரு கடையில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

நான் கழிவறையில்தான் இருக்கிறேன் என்று அன்று உண்மையாகவே நினைத்தாளாம். அந்தப் பக்கமாகத்தானே போனேன். என்னால் தன் முறை தாமதமாகிறதே என்ற எரிச்சலில்தான் கூப்பிட்டாளாம். வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அவள் அத்தா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாராம். அதை அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"நீ பஸ் ஏறிட்டன்னு தெரிஞ்சிருந்தா, மேடம்கிட்ட நானே சொல்லிருப்பேன்," என்றாள். "சொல்லிட்டு உள்ள போயி உக்காந்திருப்பேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தொலைபேசியைத் தொட்டே இருக்க மாட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"நீ ஒருத்திதான் என்னை நல்லவள்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. என் வீட்டுக்காரர்கூட அதச் சொன்னதில்ல. அதையும் எதுக்குக் கெடுத்துக்கணும்?"

அடுத்த வாரம் வகுப்புக்கு வரச் சொன்னேன். முடியாது என்றாள், பிறகு வந்தாள். பின்வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நான் எதைச் சொல்லப் போகிறேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதையைப் பழையபடியே சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. சொல்லப்போனால் நான் எங்கே என்று மேடம் அவளை மூன்று முறை மிரட்டிக் கேட்டதாக ஒரு வரி கூடுதலாகவே சேர்த்தேன். அந்தத் தோழி இவள்தான் என்று நான் கைகாட்டியதும் பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் எழுந்து நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கைதட்டல் முடியும்வரை நின்றாள்.