அங்குலத்துக்கு மூன்று பல்

பேண்ட்சா என்றால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற பல் வைத்த எஃகு நாடா. அந்த நாடாதான் பிளேடு. தொண்ணூறுகளில் அந்த பிளேடுகளை வாங்கிப் போடுவது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. மரத்தை நான் தொட்டதே இல்லை. காகிதத்தைத் தொட்டவன்.

அலிப்பூரைத் தாண்டி ஒரு பொதுத்துறைப் பட்டறை. வெளியூர் போகும் இயந்திரங்களுக்கு அங்கே மரப்பெட்டி செய்வார்கள். பாதிக்கு மேல் ஈரம் காயாத சால் மரம். அதை அறுத்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த மிஸ்திரி. நான் அவரை அண்ணன் என்ற பொருளில் தாதா என்பேன், அவருக்கு நான் மதராஸி பாபு. பேச்செல்லாம் வங்காளத்தில். அவருக்கு வங்காளத்தில் கையெழுத்துப் போட வரும், ஆங்கிலம் வராது. ஆபீசிலோ எல்லாமே ஆங்கிலம். அதனால் அவருடைய லீவு லெட்டர், குவார்ட்டர்ஸ் மனு, மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் எல்லாவற்றையும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். பதிலுக்கு அவர் என் மனைவியின் தேங்காய்த் துருவிக்கு ஒரு பலகை இழைத்துக் கொடுத்திருந்தார். இன்றும் அதில்தான் துருவுகிறோம்.

பிளேடு வாங்க இரண்டு பேரும் படாபஜாருக்குப் போவோம். அவர் வாங்குவதைப் பார்க்க வேண்டும். மடித்து வைத்த சுருளை அவிழ்ப்பார். ஒட்டுப்போட்ட இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் தட்டினால் தள்ளிவைத்துவிடுவார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுப்பார். அங்குல அளவுக்கு ஒடித்த குச்சி. அதைப் பல்மேல் வைத்து எண்ணுவார். "ஈர சாலுக்கு மூணு பல்லுதான் பாபு. பல்லு நெருங்கினா தூள் வெளிய போகாது, கட்டை நகராது." கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார், ஆனால் நல்லதைத்தான் எடுத்து வைப்பார்.

விதிப்படி மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்க வேண்டும். யார் கேட்டார்கள்? மிஸ்திரி தேர்ந்தெடுத்த பிறகு, அந்தக் கடைக்காரரே மூன்று வேறு லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் செய்தேன். அது பொய் ஃபைல். அந்தப் பொய் ஃபைலில் வந்த பிளேடு ஒன்றுகூட அவரைக் காயப்படுத்தியதில்லை.

பிறகு எனக்கு யோக்கியனாகும் ஆசை வந்தது. செக்‌ஷனுக்குப் பொறுப்பாளர் பதவி காலியாகப் போகிறது என்றார்கள். விஜிலன்ஸ்காரர்கள் பழைய ஃபைல்களைப் புரட்டுகிறார்கள் என்றும் பேச்சு. அந்த வருடம் நிஜமாகவே மூன்று கடைகளுக்குக் கடிதம் போட்டேன், உறைகளை எல்லோர் முன்னிலையிலும் பிரித்தேன். வீட்டில் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி, "யோக்கியன் வரான், சொம்பை எடுத்து உள்ள வை" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

நான் அனுப்பிய கடிதத்தில் பிளேடின் நீளம், அகலம், கனம் மூன்றும் இருந்தன. பல் இல்லை. பழைய படிவத்தில் பல்லுக்கு இடமே கிடையாது. அந்த எண்ணிக்கை மிஸ்திரியின் தீக்குச்சியில் இருந்தது, காகிதத்துக்கு அது தேவைப்படவில்லை. எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எழுதத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதையும் நான் முழுசாக நம்புவதில்லை. அவரைக் கேட்டு எழுதினால் அது சுத்தமான டெண்டர் ஆகாது என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது.

குறைந்த விலைக்காரர் அனுப்பியது நெருக்கப் பல். மிஸ்திரி சுருளை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தார்.

"இது சாலுக்கு ஆகாது பாபு. திருப்பி அனுப்பிடுங்க."

திருப்பி அனுப்பினால் என் முதல் சுத்தமான ஃபைல் அழுக்காகும். "எழுத்துல குடுங்க தாதா" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். அவருடைய எழுத்து நான்தானே! நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கட்டையைத் தள்ளித் தள்ளித் தோள் வலிக்கிறது என்றார். மூன்று முறையும் அதே பதில்தான் சொன்னேன். எதிரில் வெள்ளைத்தாள் கட்டு இருந்தது, பேனா திறந்திருந்தது. வீட்டில் சொன்னபோது, "அவர் வாயால சொன்னதை நீங்க கையால எழுதினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மனைவி கேட்டாள். ஆபீஸ் விஷயம் உனக்குப் புரியாது என்றேன்.

விஸ்வகர்மா பூஜை முடிந்த மறுநாள். பூஜையன்று இயந்திரம் ஓடாது, அதனால் வேலை தேங்கியிருந்தது. பல்லிடுக்கில் ஈரத் தூள் அடைத்துக்கொண்டு கட்டை நகர மறுத்தது. அவர் உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ளினார். ஓரிடத்தில் மரம் சட்டென்று விட்டுக்கொடுத்தது. வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. இயந்திரத்தின் நெற்றியில் முந்தின நாள் வைத்த குங்குமம் அழியாமல் இருந்தது. அவ்வளவுதான் அங்கே போய் என்னால் பார்க்க முடிந்தது.

விசாரணையில் என்னிடம் இரண்டு கேள்விகள். வாங்கிய பிளேடு, கேட்ட அளவுப்படி இருந்ததா? இருந்தது. அது பற்றி எழுத்துமூலம் புகார் ஏதேனும் உண்டா? இல்லை. இரண்டும் உண்மை. வாய்மூலம் உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஃபைலில் ஒரு குறையும் இல்லாததால் குறை ஆளிடம்தான் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அளவுக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்தினார், தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். எனக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவருக்கு விரலோடு போயிற்று. அந்த வருடமே நான் செக்‌ஷன் பொறுப்பாளர் ஆனேன்.

அவரை கேட்டில் உட்கார வைத்தார்கள். லாரி வந்தால் சங்கிலியை அவிழ்த்துவிட வேண்டும். தினமும் அந்த கேட் வழியாகத்தான் நான் போக வேண்டும். "பாலோ ஆச்சேன், பாபு?" என்று நலம் கேட்பார். ஒரு நாளாவது முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாதா இந்த மனிதர் என்று எரிச்சலாக இருக்கும். புதிதாக வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "ரொம்ப நேர்மையான ஆளு, ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்ல" என்று அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். ஆறு வருடம் அந்த கேட்டைக் கடந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார் மிஸ்திரி. செய்தித்தாளில் சுருட்டிய ஒரு வெள்ளைத்தாள் கையில் இருந்தது. கரியாஹாட்டில் வாங்கியதாம், நல்ல தடித்த தாள். ஓய்வு மனு எழுதித் தர வேண்டும் என்றார்.

எழுதினேன். நல்ல ஆங்கிலம். காரணம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. "உங்களுக்குத் தோணுறதைப் போடுங்க பாபு" என்றார். சொந்தக் காரணங்கள் என்று போட்டேன். அவர் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கையெழுத்திட்டார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மை காய்கிறவரை அவர் தாளை ஊதிக்கொண்டிருந்தார். பிறகு, தன்னையே கடிந்துகொள்கிற குரலில் சொன்னார்:

"அன்னிக்கும் இப்படித் தாள் வாங்கிட்டு வந்திருக்கணும் பாபு. வெறுங்கையோட வந்து நின்னேன். நீங்க எதுல எழுதுவீங்க?"