மெக்கானிக் ஏகாம்பரம் மாட்டிய இரண்டு ஷாக் அப்சார்பர்கள்

செவ்வாய்க்கிழமை கார்டு வந்தது. நான்கு மூலையிலும் கருப்பு தடவியிருந்தது. விடுதி வாசலில் நின்றே படித்தேன். உத்திரமேரூர் மெக்கானிக் ஏகாம்பரம் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மாலையில் லாரி ஸ்டாண்டில் இரங்கல் கூட்டம். தலைமை: தணிகாசலம், ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

சாவுக் கார்டைப் படித்ததும் கிழித்துப் போட வேண்டும். அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தேன். அன்றே ஊருக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்து இதை எழுதினேன். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் கொடுத்து அடித்தும் வாங்கிவிட்டேன். கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இருப்பது அதுதான். தலைமை தாங்குபவருக்கும் ஒன்று உண்டு.

என் அண்ணன் பெருமாளை உங்களில் பலருக்குத் தெரியும். ஜல்லி லாரி ஓட்டினான். சாலவாக்கம் ஏரிக்கரை வளைவில் லாரி கவிழ்ந்தது. அடியில் அண்ணன். அதற்கு நான்கு நாள் முன்புதான் முன்சக்கரங்களுக்குப் புதிதாக இரண்டு ஷாக் அப்சார்பர் மாட்டியிருந்தார்கள். விற்றவர் தணிகாசலம். மாட்டியவர் ஏகாம்பரம்.

லாரித் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம். பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தை ஸ்பிரிங் பட்டை தூக்கிவிடும். தூக்கியபின் அது குதித்துக்கொண்டே போகாமல் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். எண்ணெய் அடைத்த இரும்புக் குழாய். கடையில் படுக்கையாகக் கிடந்த குழாய்க்குள் காற்று இடம் மாறியிருக்கும். மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து, பலமுறை இழுத்து அமுக்கி, அதைச் சரிசெய்ய வேண்டும். பம்ப் அடிப்பது என்பார்கள். சோம்பேறிகள் அடிப்பதில்லை.

"ஏகாம்பரம் பம்ப் அடிக்காத மாட்டிட்டான்." தணிகாசலம் இதை முதலில் டீக்கடையில் சொன்னார். பிறகு போலீஸில் சொன்னார். பிறகு எங்கள் வீட்டுப் பந்தலில், என் அம்மாவின் எதிரில் சொன்னார்.

நம்பும்படியான பொய். அப்படி மாட்டுகிற மெக்கானிக்குகள் ஊரில் இருந்தார்கள். ஏகாம்பரம் அவர்களில் ஒருவர் அல்ல என்பதும் எல்லாருக்கும் தெரியும். லோடு இறக்கிவிட்டு வரும் லாரியை நிறுத்தச் சொல்லி, கீழே புகுந்து ஷாக் அப்சார்பரைத் தொட்டுப் பார்க்கிறவர் அவர். ஓடி வந்த வண்டியில் குழாய் சூடாக இருக்க வேண்டும். ஜில்லென்றிருந்தால் வேலை செய்யவில்லை என்று பொருள். ஒரு டிரைவர் அவரைக் கிண்டல் செய்தாராம், வண்டிக்கு ஜுரமா பார்க்கிறீர் என்று. "ஜுரம் இருந்தா நல்லது நைனா. இல்லன்னாதான் பொணம்" என்றாராம் அவர்.

இப்படிப்பட்டவரைக் கைவிட ஊருக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. லாரிகள் அவர் கொட்டகைக்கு வருவது நின்றது. மாட்டுவண்டிக்கு அச்சு போட்டார். கிணற்று மோட்டார் பிரித்தார்.

லாரி, போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் கிடந்தது. கேஸ் சொத்து. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஏகாம்பரம் அங்கே போவார். மதிலுக்கு வெளியே நின்று சக்கரத்தின் பின்பக்கத்து ஷாக் அப்சார்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். கான்ஸ்டபிள் ஒருவர், உள்ளே வந்து வேண்டுமானால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்துக்கொள் என்றிருக்கிறார். அவர் மறுத்த வார்த்தைகளை அந்தக் கான்ஸ்டபிளே பின்னால் என்னிடம் சொன்னார்.

"நான் தொட்டா நான் பண்ணதும்பான் சார். மய தொடட்டும். மயய யாரு இன்னா சொல்லுவான்?"

ஆறு மழைக்காலம். நான் சென்னையில் எம்.ஏ. முடித்தேன். பழிக்குப் பழி வாங்குவது பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் படித்தேன். எதிலும் இவ்வளவு பொறுமையான ஆளைப் பார்க்கவில்லை.

கேஸ் முடிந்து லாரியைப் பழைய இரும்பாக ஏலம் விட்டார்கள். ஏகாம்பரம் எனக்கு ஆள் அனுப்பினார். அவர்மேல் எனக்கு இருந்த வெறுப்பு அப்படியே இருந்தது. ஆனாலும் போனேன். ஏலம் கேட்க இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். தணிகாசலமும் இருந்தார். ஏகாம்பரம் லாரியிலிருந்து நான்கடி தள்ளியே நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ போ. ரைட் சைடு ஷாக்க பாரு. அடியில சாணி உருண்ட மாதிரி மண்ணு கீது பாரு, அத்தத் தொட."

துடைத்தேன். பெயிண்ட் எல்லாம் உரிந்து, குழாய் முழுக்கத் துரு. ஓர் இடத்தில் மட்டும் துரு இல்லை. நாலணா அகலம். விரலால் தேய்த்தேன். மஞ்சளாக வந்தது.

பித்தளைப் பற்று. செத்துப்போன பழைய குழாயில் துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, பித்தளையால் அடைத்து, மேலே பெயிண்ட் அடித்து, புதிது என்று விற்றிருக்கிறார்கள். இடப்பக்கத்திலும் அதே மஞ்சள். இரும்புக்காரர் அங்கேயே ரம்பத்தால் அறுத்தார். கரிய திரவம் கொஞ்சம் சொட்டியது. இன்ஜினில் எரிந்து கழிந்த ஆயில். அப்படிப்பட்ட குழாயை ஆயிரம் முறை பம்ப் அடித்திருந்தாலும் நான்கு நாள்தான்.

எல்லாரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். "கம்பெனிலேர்ந்தே அப்டி வந்திருக்கும்" என்றார் அவர். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் யாரும் கேஸ் போடவில்லை. கடை நடந்தது. பின்னாளில் சங்கத் தலைவரும் ஆனார்.

லாரிகள் ஏகாம்பரத்திடம் திரும்பி வந்தன. காஞ்சிபுரத்தில் நல்ல கடைகள் இருந்தும், அவர் ஷாக் அப்சார்பரைத் தணிகாசலத்திடமே வாங்கினார். வாங்கி, கடைப் படியிலேயே நிமிர்த்தி வைப்பார். குழாயைச் சுற்றிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு பம்ப் அடிப்பார். இருபது வரை, சந்தைக் கூட்டத்துக்குக் கேட்கும்படி எண்ணுவார்.

"ஏன்யா வாசல்ல நின்னுகினு பேஜார் பண்ற?"

"பம்ப் அடிக்காத மாட்றவன்னு பேர் வச்ச இல்ல மொதலாளி. அதான் உன் எதுர்லயே அடிச்சிட்டுப் போறேன். பதிமூணு. பதினாலு."

மற்ற மெக்கானிக்குகளும் அதே படியில் எண்ண ஆரம்பித்தார்கள். சனிக்கிழமைகளில் வரிசை நின்றது. ஏகாம்பரம் சிரித்து நான் பார்த்தது அந்த வரிசையைப் பார்த்துத்தான்.

ஒரு மத்தியானம் தணிகாசலம் கொட்டகைக்கு வந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார். ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா மட்டும் உள்ளே இருந்தார்; அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தப்பு நடந்துவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாராம்.

"எங்கிட்ட மட்டுமா சொன்ன அந்தப் பொய்ய? ஊரக் கூட்டிச் சொன்ன. ஊரக் கூட்டியே இல்லன்னு சொல்லு" என்றாராம் ஏகாம்பரம். கையில் இருந்த வேலையை விட்டு நிமிரவில்லையாம்.

கடைசிவரை தணிகாசலம் சொல்லவில்லை. சாவன்று ஒரு ரோஜா மாலை அனுப்பினார். கன்னியம்மா அதை வாங்கவில்லை. கொண்டுவந்த ஆள் மாலையைக் கொட்டகைக்கு வெளியே டயர்மேல் வைத்துவிட்டுப் போனான். ஆடு தின்றது.

இனி என்னைப் பற்றி. இதை எழுதாமல் நிறுத்திவிடலாம் என்றிருந்தேன்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனபோது, கொட்டகை முன்னால் பாடையை நிறுத்தச் சொன்னவன் நான். எங்கள் அண்ணனைக் கொன்றவன் இவன்தான் என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினேன். அவர் வாசலில் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தணிகாசலம் விதைத்ததற்குத் தண்ணீர் விட்டவன் நான்.

ஏலத்துக்கு மறுநாள் கொட்டகைக்குப் போனேன். மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணனைப் பற்றி, அவன் கியர் மாற்றுகிற அழகைப் பற்றிப் பேசினார். நான் எழுந்தபோது சொன்னார்:

"நீயும் ரோட்டுல நின்னுதான தம்பி சொன்ன."

எனக்குச் சலுகை இல்லை. நான் பெருமாளின் தம்பி என்பதாலும் இல்லை. அன்று அது கொடுமையாகத் தோன்றியது. பிறகு ஒவ்வொரு முறை ஊருக்கு வந்தபோதும் பார்த்தேன், பேசினேன், டீ குடித்தேன். ரோட்டில் நின்று அது பொய் என்று மட்டும் சொல்லவில்லை. தைரியம் இல்லை. படித்தவனுக்கு வெட்கம் அதிகம்.

அவருடைய பொறுமையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் சுத்தத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நான் வைத்துக்கொள்வது அவருடைய மன்னிக்காத குணத்தை. செத்தவர் மன்னித்துவிட்டார் என்று யாரும் இன்று மைக்கில் சொல்ல வேண்டாம். மன்னிக்கவில்லை.

ஏகாம்பரம் பம்ப் அடித்துத்தான் மாட்டினார். நான் அவர்மேல் போட்டது பொய்ப் பழி. ரோட்டில் சொன்னதை ரோட்டிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அவர் கேட்க முடியாத நாளில்.

தலைவர் அவர்களே, அடுத்து நீங்கள்.