சாமிக் கொத்தமல்லி

எங்கள் ஊர் வேதக்கோயில் குசினியில் அப்பாதான் சமையல்காரர். சாமியார் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரக் கிழவர். கீரனூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் நாற்பது வருசம் நடந்து நடந்து அவருடைய வெள்ளை அங்கியின் கரையே சிவந்து போயிருந்தது. தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் அச்சடித்த தமிழ். அந்த வருசம் காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு ரசம் இறங்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. சின்ன வயதில் அவருடைய அம்மா சூப்பில் போட்ட ஒரு கீரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். செலரியாம். தோட்டத்தில் போடுகிற சாதி கூட இல்லை, காட்டுச்செடி போலத் தானாக முளைப்பது.

அவர் தங்கை தபாலில் விதை அனுப்பினாள். கேழ்வரகை நாலாய் உடைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் ஒவ்வொன்றும், ஊதினால் போச்சு. அப்பா அதை ஊறவைத்து, ஓட்டைச் சட்டியில் மண்ணுக்கு மேலாகத் தூவி, ஈரச் சாக்கால் மூடினார். முளைத்த நாற்றைக் கிணற்றடி வாய்க்கால் ஓரத்தில் நட்டுப் பனையோலையால் நிழல் கட்டினார். வேர் எந்நேரமும் ஈரத்தில் இருக்கணும், தலையில் வெயில் படக்கூடாது. "மருமகப்பிள்ளைக்குக் கூட இவ்வளவு உபசாரம் நடக்காது" என்று அம்மா சிரிப்பாள். இலையைக் கசக்கினால் கொத்தமல்லியும் ஓமமும் கலந்தாற்போல வாசனை. சாமிக் கொத்தமல்லி என்று அப்பா பெயர் வைத்தார்.

என் கெட்ட நேரம், சாமியார் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எங்கள் ஊரில் இது கடலோரத்து உப்புச் சேற்றில் தானாகவே செழிக்கும்."

அடடா, உப்புக்கா பஞ்சம்! மறுநாள் குசினி ஜாடியிலிருந்து பாவாடை மடி நிறையக் கல்லுப்பை அள்ளிவந்து, ஒவ்வொரு செடியின் தூரிலும் போட்டுத் தண்ணீர் விட்டேன். புண்ணியம் செய்கிறோம் என்ற பெருமை வேறு. நாலைந்து நாளில் அத்தனையும் கருகிச் சுருண்டு படுத்துவிட்டன.

அந்த வாரம்தான் எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம். புதுநன்மை, அதாவது முதன்முதலாகப் பூசை அப்பம், வாங்கப்போகும் பிள்ளைகள், மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சாமியாரிடம் தங்கள் பாவங்களைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் இருந்ததோ ஒரே சாமியார். "சாமி, ஒங்க செடிக்கு உப்புப் போட்டது நாந்தான்" என்றேன். முறுக்குத் திருடினவனுக்குக் கொடுத்த அதே தண்டனைதான் எனக்கும்: மூன்று அருள் நிறை மந்திரம் சொல்ல வேண்டும். அப்பாடா! கடவுளே மன்னித்துவிட்டார், இனி அப்பாவிடம் வேறு சொல்லி அடி வாங்குவானேன்?

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அப்பா சாமியார் முன்னால் கைகட்டி நின்றார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"என் கை ராசியில்லாத கைங்க சாமி. ஆசையா இருந்தீங்க, கெடுத்துப்புட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க, நான் நின்னுக்கிறேன்."

அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பதினோரு வருடமாக இந்தக் கை சமைத்ததைத்தான் உண்கிறேன். நீ போனால் நான் பட்டினி" என்றார் சாமியார்.

"எதனால பட்டுப்போச்சுன்னு ஒங்களுக்காச்சும் தெரியுதுங்களா?"

சாமியார் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "கஞ்சி இருந்தால் கொண்டு வா" என்றார். அப்பா பார்க்கப் பார்க்க இரண்டு கிண்ணம் குடித்தார். அப்பா வேலையை விடவில்லை. கிழவருக்குக் காது மந்தம், தட்டிக்குள் நான் சொன்னது விழவேயில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

திருச்சியில் ஆசிரியைப் பயிற்சியில் இருந்தபோது ஒரு சிஸ்டர் வகுப்பில் சொன்னார்: பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியில் சொல்லக்கூடாது, சாடை கூடக் காட்டக்கூடாது. அப்படியானால் கிழவருக்கு அன்றைக்கு நான் சொன்னது கேட்டுத்தான் இருக்கிறது. அதற்குள் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கி மூன்று வருசம் ஆகியிருந்தது.

வாயை மூடிக்கொண்டது அவர் கடமை. இறங்காத கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தாரே, அதை யாரும் அவருக்கு விதிக்கவில்லை. அந்த நன்றிக்குத்தான் கல்லறைத் திருநாள்தோறும் அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். அன்றைக்கு அப்பாவின் அழுகையை நிறுத்த ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லச் சாமியாருக்கு வழியில்லை. சொல்லக்கூடியவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவள் கொடுக்காப்புளி தின்று கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தாள்.