தலை தெரியும் கரை

சோதிலிங்கத்துக்குக் கடல் பரம்பரைச் சொத்தல்ல. சுன்னாகத்தில் பிறந்தவர். சிறுவயதில் கடலோரக் கீரிமலைக்குப் போனாலும் கேணியில் குளித்துவிட்டுத் திரும்பியவர்தான். கடலுக்குள் இறங்கிப் பழகியது ஜெர்மனியின் டோர்ட்மண்டுக்கு வந்து தலை நரைக்கத் தொடங்கிய பிறகு.

எண்பதுகளின் நடுவில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். முதலில் உணவகங்களில் கோப்பை கழுவினார். பிறகு குளியலறைகளுக்குத் தரை ஓடு பதிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சாந்து குழைக்கச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே வேலை பழகினார். ஓடு பதித்த பிறகு அதை விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பது அவருடைய வழக்கம். உள்ளே வெறுமை இருந்தால் சத்தம் வேறாகக் கேட்கும். அப்படிக் கேட்டால், வீட்டுக்காரர் திருப்திப்பட்டுவிட்டாலும் அதைப் பெயர்த்து மறுபடி பதிப்பார்.

அந்த வேலை அவருடைய முழங்கால்களைத் தின்றது. இனி மண்டியிட வேண்டாம், காலை நீட்டி மிதிக்கிற வேலை ஏதாவது செய்யுங்கள் என்றார் வைத்தியர். அவர் நினைத்தது சைக்கிளை. சோதிலிங்கம் வாங்கியது, காலால் மிதித்து ஓட்டுகிற கயாக் என்னும் ஒற்றையாள் படகொன்றை, பழையதை. கூட வேலை செய்த ஒருவர் அதை வாகனக் கொட்டிலில் தூசு படிய வைத்திருந்தார்.

தூண்டில் போடுவதற்கு ஜெர்மனியில் பரீட்சை எழுத வேண்டும். எழுதினார். அதனால் பல மீன்களின் பெயர் அவருக்கு ஜெர்மனில் மட்டும்தான் தெரியும். கடலடியையும் அவர் ஓட்டுக்காரரின் கண்ணோடுதான் பார்த்தார். எங்கே மணல், எங்கே கல், எங்கே சரிவு என்று வரைபடத்தில் தேடுவார். கற்களுக்கிடையில் ஒதுங்கி வாழும் மீன்களில்தான் அவருக்கு விருப்பம். மணலில் திரியும் மீன் எங்கும் திரியும், கல் மீனுக்கு ஒரு வீடு இருக்கிறது என்பார்.

அவருடைய மனைவி ரோஹிணி முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். கணவர் கடலுக்குப் புறப்படும் காலைகளில் தேநீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுத்துவிட்டு, "தூரமோ?" என்று மட்டும் கேட்பார். "ஓம், கொஞ்சம் தூரம். போட்டு வாறன்" என்பார் சோதிலிங்கம். வெளியே புறப்படும் ஒருவரை "எங்கே" என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது இருவரும் வளர்ந்த வீடுகளின் பழக்கம். எதற்கு என்று யோசிக்காமலே இந்த வீட்டிலும் அது தொடர்ந்தது.

சென்ற இலையுதிர் காலத்தில் அவர் பால்டிக் கடலிலுள்ள ஃபெமார்ன் தீவுக்குப் போயிருந்தார். மேற்குக் கரையில் காற்று பலமாக அடித்ததால் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிழக்குக் கரையில் இறங்கினார். மதியத்துக்குப் பிறகு காற்றும் திரும்பியது. எதிர்த்து மிதிக்க முடியாமல், வேறொரு ஒதுக்கில் கரையேறிக் காற்று அடங்கும்வரை காத்திருந்தார். கைபேசிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. வழியில் ஒரு எரிபொருள் நிலையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்தபோது இருட்டிவிட்டது. அவருடைய குரலைக் கேட்டதும் ரோஹிணி தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் கயாக் சுவரில் தொங்கியது. போக வேண்டாம் என்று ரோஹிணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சோதிலிங்கத்துக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

பங்குனி மாதத்தில் ஹனோவரிலிருந்து அவருடைய நண்பர் சிற்றம்பலம் அழைத்தார்.

"அண்ணை, இந்தக் கோடைக்கு நோர்வே. ஃபியோர்டுக்குப் பக்கத்திலை ஒரு மரவீடு பாத்து வைச்சிருக்கிறன். ரோட்பார்ஷ் கிடக்குதாம். நல்ல சிவப்பு, தலையோட வாலோட. உங்கட கயாக்கையும் என்ர கூரையிலை கட்டுவம்."

"பாப்பம்."

"என்ன பாப்பம்? அக்காட்டைக் கேக்கப் பயமோ?"

"அவ வேண்டாமெண்டு சொன்னா நான் ஏனெண்டு கேக்கலாம். அவ ஒண்டுமே சொல்லேல்லையே, சிற்றம்பலம்."

ரோட்பார்ஷ் என்பது ஆழ்கடல் பாறைகளை ஒட்டி வாழும் சிவப்பு மீன். ஜெர்மன் கடைகளில் அது தோலும் தலையும் இல்லாத வெள்ளைத் துண்டாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். கலியாணமாகி வந்த புதிதில், மீன்தலை போட்டுத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துப் பழகிய ரோஹிணி அந்தத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதின்ர முகம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார். சோதிலிங்கம் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. முழு மீனாக ஒன்றைத் தன் கையால் பிடித்துக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் வைத்திருந்தார்.

சோதிலிங்கம் தொலைபேசியை வைத்ததும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரோஹிணி நிமிராமலே கேட்டார்.

"சிற்றம்பலம் என்னவாம்?"

"நோர்வேக்கு வரட்டாம். ரோட்பார்ஷ் பிடிக்கலாமாம். தலையோட." சற்றுப் பொறுத்து, "நீர்தானே கேட்டனீர், முகம் எப்பிடி இருக்குமெண்டு" என்றார்.

ரோஹிணி கத்தியைக் கீழே வைத்தார். "அதை நான் எந்தக் காலத்திலை கேட்டனான்!"

"கேட்டனீர்தானே."

"எனக்கு மீன்ர தலை வேண்டாமப்பா. உங்கட தலை தெரியிற இடமாப் பாருங்கோ."

சோதிலிங்கம் சிரித்தார். ரோஹிணி சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் அந்த இலையுதிர் கால மாலையைப் பற்றி முதல் முறையாகப் பேசினார். பயம் தாங்காமல் அவசர உதவி எண்ணுக்கு அழைத்திருந்தாராம். அது சோதிலிங்கத்துக்குத் தெரியாது.

"நல்ல ஆள், மெதுவாத்தான் கேட்டவர். உங்கட மனுசன் எங்க இறங்கினவர் எண்டு கேட்டார். பால்டிக் கடலிலை எண்டன். எந்தக் கரை, அம்மா எண்டார். எனக்குத் தெரியேல்லை. இவ்வளவு வருசமா உங்களோட இருக்கிறன், எந்தக் கரையெண்டு தெரியேல்லை."

"நீர் ஒரு நாளும் கேக்கேல்லைத்தானே."

"கேக்கக் கூடாதெண்டுதானே ரெண்டு பேரும் வளந்தது. தூரமோ எண்டு கேட்டன், ஓமெண்டியள். அதை அந்த ஆளுக்குச் சொல்லலாமே? தூரமாம், ஐயா, கொஞ்சம் தூரமாம் எண்டு?"

சோதிலிங்கத்தின் விரல்முட்டி தன்பாட்டில் மேசையைத் தட்டியது.

"அப்ப நான் விடட்டோ, ரோஹிணி?"

"விட்டா வீடு முழுக்கத் தட்டித் தட்டித் திரிவியள், எந்த ஓடு கழண்டிருக்கெண்டு. போங்கோ. ஆனா இந்தமுறை கரையை நான் பாக்கிறன். நானும் வாறன்."

அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் கடல் வரைபடங்கள் விரிந்தன. சோதிலிங்கம் பார்த்தது மூன்று விடயங்களை: கரைக்குக் கிட்டவே கல் இருக்க வேண்டும், காற்றுக்கு மறைவு வேண்டும், கயாக்கை இழுத்து இறக்க வழி வேண்டும். ரோஹிணி ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "நான் எங்க இருப்பன்?"

"ஹெல்கோலாண்ட். முழுத் தீவும் பாறைதான். ஆனா கனக்க இடத்திலை மீன் பிடிக்க விடாங்கள், நீரோட்டமும் கடும்."

"கப்பலிலை எனக்குத் தலை சுத்திச் சத்தி வரும். அடுத்தது."

"ரூகன் தீவு. சுண்ணாம்புப் பாறை, கீழ நல்ல கல்லு."

"மேல இருந்து கல்லு விழுமெண்டு செய்தியிலை காட்டினவங்கள். மேல நிண்டு உங்களைப் பாக்கிறதோ, கீழ நிண்டு தலையிலை கல்லு வாங்கிறதோ?"

ஃபெமார்ன் வந்தபோது இருவருமே அதில் விரல் வைக்கவில்லை.

"நோர்வேயிலை மலையளுக்கிடையிலை கடல் ஒடுக்கந்தான்" என்று சோதிலிங்கம் மெல்லச் சொன்னார். "ஃபியோர்டிலை ரெண்டு கரையும் தெரியும்."

"எவ்வளவு ஆழம்?"

"அந்த மீன் நிக்கிற இடம் இருநூறு மீட்டருக்கு மேலை."

வரைபடத்தின் அந்தப் பக்கத்தைச் சோதிலிங்கமே மடித்தார். மடிக்கும்போது, பதித்து முடித்த ஒரு சுவரைக் கடைசியாகத் துடைப்பவர்போல உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். ரோஹிணி அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே எழுந்து தேநீர் ஊற்றினார்.

கடைசியில் தேர்ந்தது கீல் நகருக்கு வடக்கே எக்கர்ன்ஃபோர்டே விரிகுடாவில் ஒரு கரை. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கற்குவியல், அதில் பாசி. கோட் மீன் பிடிக்க இப்போது தடை. அங்கே கிடைக்கக்கூடிய கல் மீன் என்றால் உள்ளங்கை அளவு க்ளிப்பன்பார்ஷ்தான். பொரியலுக்கும் போதாது, சொதிக்கும் போதாது. பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிட வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் கடல் டிரவுட் மீனொன்று வரலாம்.

சிற்றம்பலத்துக்குச் செய்தி போனது. "நோர்வேயை விட்டுட்டுக் குளத்துக்குப் போறியளோ, அண்ணை!" என்றார்.

"ஓமடாப்பா. குளத்துக்குக் காவல் இருக்கு" என்றார் சோதிலிங்கம்.

வைகாசியில் ஒரு தெளிந்த காலையில் போனார்கள். ரோஹிணி ரப்பர்ச் சப்பாத்தும் இரண்டு குளிர்ச்சட்டையும் போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியோடு இறங்கினார். சோதிலிங்கம் நீர் புகாத உடைக்குள் நுழைந்து, மிதவைச் சட்டையின் வார்களை இறுக்கி, கயாக்கின் பின்னால் செம்மஞ்சள் கொடியை நட்டார். இரண்டு உறை போட்ட கைபேசியை நெஞ்சில் மாட்டினார். கயாக்கைத் தண்ணீருக்குத் தள்ளியவர், பழக்கத்தில் ஒரு கணம் நின்றார். தூரமோ என்ற அந்த வழக்கமான சொல்லுக்காக.

ரோஹிணியின் வாய் அசைந்தது. ஒருமுறை கடலைப் பார்த்தார்.

"எங்க போறியள்?"

கேட்டுவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்டவர்போலச் சட்டென்று கழுத்துத் தாலியைத் தொட்டுக்கொண்டார். சோதிலிங்கத்துக்கும் அந்தக் கேள்வி புதிது. ஆனாலும் கையை நீட்டிக் காட்டினார்.

"அந்தப் பெரிய கல்லு தெரியுதோ? தண்ணிக்கு மேல நிக்கிறது. அதுக்கு வலப்பக்கம் கறுப்பாக் கிடக்கிறது பாசி. அந்தக் கறுப்புக்கு மேலைதான் நிப்பன். மத்தியானத்துக்கு முன்னம் வருவன்."

"அங்க மீன் இல்லையெண்டா?"

"இல்லையெண்டா வந்து சொல்லிப்போட்டுத்தான் மாறுவன்."

மிதித்துக்கொண்டு போனார். ரோஹிணி நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். கொடி தெரிந்தது, தலை தெரிந்தது, தலை அவ்வப்போது கரைப்பக்கம் திரும்புவதும் தெரிந்தது. சற்று நேரத்தில் சோதிலிங்கம் கையை உயர்த்தி எதையோ ஆட்டிக் காட்டினார். அவ்வளவு சின்னதை இங்கிருந்து பார்க்க முடியாது. மீனாகத்தான் இருக்க வேண்டும். ரோஹிணியும் கையை ஆட்டினார்.

அதன் பிறகு ஒன்றும் அகப்படவில்லை. வெயில் ஏறியது. வலதுபுறம் கரை வளைந்து மறையும் முனைக்கு அப்பால் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து எழும்பின. பறவை விழுகிற இடத்தில் சிறுமீன் இருக்கும், சிறுமீன் இருக்கிற இடத்துக்கு டிரவுட் வரும். சோதிலிங்கம் தூண்டிலைச் சுருட்டினார். முனை கிட்டத்தான் இருந்தது. ஒரு மூச்சில் மிதித்துப் போயிருக்கலாம். போனால் மீன் கலைவதற்கு முன் தூண்டிலைப் போடலாம்.

கயாக்கின் மூக்கு முனையை நோக்கிப் பாதி திரும்பியது. நின்றது. பிறகு முழுவதும் கரைப்பக்கம் திரும்பியது.

அது நேரே தன்னை நோக்கி வருவதைக் கண்டு ரோஹிணி எழுந்து தண்ணீர் விளிம்புக்கு ஓடிவந்தார்.

"என்ன? என்னப்பா? முழங்காலோ?"

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை." சோதிலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. "அந்த முனைக்கு அங்கால பறவை விழுது. அங்க போகலாமெண்டு பாத்தன். போனா உமக்குத் தெரியாது. அதுதான் சொல்ல வந்தனான்."

"இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் மிதிச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

"சொல்லிப்போட்டுத்தான் மாறுவன் எண்டனான்தானே."

ரோஹிணி முனையைப் பார்த்தார். கரை நெடுகக் கூழாங்கல்லும் காய்ந்த பாசியும். நடக்கக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் நடக்கலாம். திரும்பிப் போய் நாற்காலியை மடக்கினார், தேநீர்ப் போத்தலைத் தோளில் மாட்டினார்.

"பொறுங்கோ. முதல் நான் போறன்."

"பறவை போயிடுமப்பா."

"போனாப் போகட்டும். நான் அங்க போய் இருந்த பிறகு வாங்கோ."

கல்லில் கால் வழுக்கி வழுக்கி அவர் முன்னால் நடந்தார். சோதிலிங்கம் கரையோரமாக, ஆழமில்லாத தண்ணீரில், அவருடைய நடைக்குச் சமனாக மெல்ல மிதித்துக்கொண்டு கூடவே போனார். ஓரிடத்தில் ரோஹிணி தடுமாறினார். சோதிலிங்கம் மிதிப்பதை நிறுத்தினார். ரோஹிணி நிமிர்ந்து, "ஒண்டுமில்லை" என்று கையை ஆட்டினார். சோதிலிங்கம் மறுபடி மிதித்தார்.

முனையில் போய் நாற்காலி விரிந்தபோது பறவைகள் இன்னும் அங்கேதான் இருந்தன, சில மட்டும்.

"இருந்திட்டீரோ?" என்று கேட்டார் சோதிலிங்கம்.

"இருந்திட்டன். எல்லாம் தெரியுது" என்றார் ரோஹிணி. "இனிப் போங்கோ."