கதவைப் பார்த்த முகம்

வெள்ளவத்தை லொட்ஜில் என் எதிர் அறையில் இருந்தவர் அவர். சண்டைக் காலம். வெளிநாடு போவதற்காக ஏஜென்சிக்காரனின் அழைப்புக்கு இருவருமே காத்துக் கிடந்தோம். இருப்புக் கொள்ளாமல் நான் பென்சிலால் முகம் வரையப் பழகினேன், அகப்பட்டவர் அவர்தான். ஒடுங்கிய முகம், பெரிய காதுகள். ரோட்டில் ஒரு வாகனம் நின்றால் போதும், தலை கதவுப் பக்கம் திரும்பிவிடும்.

"அசையாமல் இரும் காணும்!" என்று எரிந்து விழுவேன்.

"ஆமி செக்கிங்கோ தெரியேல்ல" என்பார்.

ஒருநாள், முடித்த படத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"மூக்குச் சரி, காதும் சரி. ஆனா ஆளைக் காணேல்லையே. சென்ரியில நிக்கிற ஆமிக்காரன் ஐடென்ரி கார்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பான். நீரும் அப்படித்தான் பார்க்கிறீர்."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவரை அசையாமல் இருக்கச் சொல்லவில்லை. கீழே ஒரு ஜீப் நின்றது, அவர் திரும்பினார். அந்தத் திரும்பலையே விறுவிறுவென்று வரைந்தேன். காதைக்கூட ஒழுங்காகப் போடவில்லை. ஜீப் போன பிறகு காட்டினேன்.

கனநேரம் பார்த்தார். "ஓம், இது நான்தான்" என்றார். பிறகு என்னைக் கேளாமலே துண்டு துண்டாகக் கிழித்தார்.

படம் செக்கிங்கில் அகப்படும் என்று பயந்தாரா, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லையா? கேட்க வாயெடுத்தேன். ரோட்டில் இன்னொரு வாகனம் நின்றது. இந்தமுறை அவருக்கு முன்னமே என் தலை திரும்பியிருந்தது.