வெறும் வேரும் பட்டையும்தான்

தெருவில் எல்லோருக்கும் அவள் மருந்தக்கா. எத்தனையோ வருஷமாக ஒரே மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? டாக்டர் கிறுக்கியதைப் பார்த்து மருந்து எதுவென்று சொல்வது எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுதான். இவள் வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்தே, அவர் அதை ஒழுங்காகச் சாப்பிடுவாரா, பாதியில் தூக்கிப் போடுவாரா என்றும் சொல்லிவிடுவாள். கொஞ்சம் கறார். இருமல் மருந்து கேட்டு வந்தால்கூட, "யாருக்கு? குடியை விட்டவங்களுக்குன்னா இது வேணாம். இதுல ஆல்கஹால் இருக்கு, வேற தரேன்" என்று கேட்டுக்கொண்டுதான் பாட்டிலை நகர்த்துவாள்.

அப்படிப்பட்டவள் வீட்டு ஹாலில் ஒரு சின்ன பார் வைத்திருந்தாள் என்றால் தெருவில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். பார் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜன்னலோரம் கிடந்த பழைய புத்தக அலமாரியில் ஒரு தட்டு. ஒரு விஸ்கி, ஒரு ஜின், ஒரு ரம், கண்ணாடி டம்ளர்கள் சில. கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் மனுஷன் ஞாயிறு மதியம் ஒரு கிளாஸ் குடிப்பார். அவளும் கூடவே ஒன்று. குடிப்பதைவிட அவளுக்குக் கலப்பதில்தான் ருசி.

அதிலும் பிட்டர்ஸ் என்றால் உயிர். வேர், பட்டை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு என்று எதையெதையோ கடும் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய கசப்புச் சாறு அது. கட்டைவிரல் உயரப் பாட்டிலில் வரும். அப்படியே குடிக்கிற சமாச்சாரம் இல்லை, உப்பு மாதிரி. ஒரு மருந்துக் கம்பெனி விருந்தில் அவளுக்கு ஒரு விஸ்கி கிளாஸ் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, தித்திப்பாக இருக்கிறதே என்று முகம் சுளித்தாள். பார்மேன் அதையே வாங்கி, ஒரு குட்டிப் பாட்டிலை இரண்டு உதறு உதறித் திருப்பிக் கொடுத்தான். மங்கலாகத் தெரிந்த எழுத்துக்குக் கண்ணாடி போட்டது போல எல்லாம் துலங்கிவிட்டது. அன்று பிடித்த பைத்தியம்.

கடையில் லேபிளைப் பார்த்து அவள் வாங்கவே மாட்டாள். ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்து முகர்வாள். வெறும் சோடாவில் இரண்டு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துக் குடிப்பாள். கசப்பு நாக்கின் நுனியிலேயே குத்திவிட்டுப் போய்விட்டால் அது மட்டம்; தொண்டைவரை வந்து மெல்ல இறங்கினால்தான் அதற்குத் தட்டில் இடம். இப்படித் தேர்ந்தெடுத்து மூன்று வைத்திருந்தாள். கிராம்பும் பட்டையும் தூக்கலாக இருக்கும் கறுத்தது, விஸ்கிக்கும் ரம்முக்கும். ஆரஞ்சுத் தோலில் செய்தது ஜின்னுக்கு. மூன்றாவது பச்சிலை வாசம் அடிக்கும். அதைக் கணவர் 'மூட்டு வலி எண்ணெய்' என்பார். "நமக்கு வேண்டியது வாசனையா, ருசியா? வாசனைன்னா கடைசியில மேலாக விடணும். ருசின்னா முதல்லயே சர்க்கரையில விட்டு நனைக்கணும்" என்று அவள் விளக்குவாள். அவர் கிளாஸ் எப்போது கைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவளுடைய தம்பி மனைவியோடு வருவான். தம்பி பஸ் டிரைவர். அவள் வீட்டுக்கு எதிர்ச்சாரியிலேயே டிப்போ. ஒரு காலத்தில் அவன் குடித்த குடி கொஞ்சநஞ்சமல்ல. வேலை போகிற நிலைமை, மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போன நிலைமை, எல்லாம் பார்த்தாயிற்று. விட்டபோது அக்கா வீட்டுப் பின்னறையில்தான் கிடந்தான். உடம்பு உதறி, வேர்த்து, வாந்தி எடுத்து, அவன் பட்ட பாட்டை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். அப்புறம் ஒரு சொட்டு தொடவில்லை. மனைவியும் திரும்பி வந்தாள். வேலையும் நிலைத்தது.

ஆனால் ஞாயிறுகளில் அவர்கள் கிளாஸைக் கையில் எடுக்கும்போது அவன் பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருப்பவன் போலத் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "அலமாரியை மூடிடறேன்டா" என்றால், "அதெல்லாம் வேணாங்க்கா, உலகத்தையே மூட முடியுமா?" என்று சிரிப்பான். அவளுக்குத்தான் மனசு கேட்காது.

ஒருநாள் அவனுக்கென்று உயரமான கிளாஸில் ஐஸ் போட்டு, சோடா ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, கறுத்த பிட்டர்ஸை மேலாக உதறினாள். செம்மண் நிறத்தில் ஒரு புகை போல அது கீழே இறங்கியது. தம்பி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, இதுல ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லடா. வெறும் வேரும் பட்டையும்தான்."

பாட்டிலின் பின்பக்கம் நாற்பத்துச் சொச்சம் சதவிகிதம் என்று போட்டிருந்தது. விஸ்கியைவிட அதிகம். அவளுக்கு அது தெரியாதா? தெரியும். இத்தனை பெரிய கிளாஸில் நாலு சொட்டு, பழுத்த பழத்தில் இருக்கிற அளவுக்குக்கூட வராது என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கு சரிதான். அதை அவனிடம் சொல்லிவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கலாம். சொன்னால் வேண்டாம் என்றுவிடுவான் என்றும் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

அவன் ஒரு வாய் குடித்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அடேங்கப்பா! மாமா, இத்தனை நாளா எனக்கு மட்டும் ஏன் பச்சத்தண்ணி?" லிஃப்ட் மெக்கானிக் சிரித்து, "உங்க அக்கா கைவரிசையைக் காட்டிட்டா மாப்ள" என்றார். அந்தப் பாராட்டு அவளுக்குத் தலைக்கு ஏறியது. அடுத்தடுத்த வாரங்களில் 'டிரைவர் ஸ்பெஷல்' என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் கசப்பா போடுக்கா" என்பான். அவளும் உதறுவதை விட்டுவிட்டு ஊற்ற ஆரம்பித்தாள். நாலு சொட்டாக இருந்தது ஒரு ஸ்பூன் ஆயிற்று. கடைக் கல்லாவில் நின்று இருமல் மருந்துக்கு அத்தனை கேள்வி கேட்கிறவள், தன் கையால் ஊற்றியதைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு, மனைவிக்கு வேலை இருந்ததால் தம்பி தனியாக வந்திருந்தான். கிளாஸில் பாதி குடித்திருந்தபோது டிப்போவிலிருந்து போன் வந்தது. மாலை வண்டிக்கு வரவேண்டிய டிரைவருக்குக் காய்ச்சலாம். "எதிர்லதானே இருக்கேன், வரேன்" என்றவன், மீதியை நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனான்.

டிப்போ வாசலில் வண்டி எடுப்பதற்கு முன் எல்லா டிரைவர்களும் ஒரு கருவியில் ஊத வேண்டும். தம்பி தினமும் ஊதுபவன்தான், அன்றும் அலட்சியமாக ஊதினான். சிவப்பு விளக்கு எரிந்தது. வாயில் அப்போதுதான் பட்ட சாராயம். அது போதும் அந்தக் கருவிக்கு. சூப்பர்வைசர் அவனைப் பழைய நாட்களிலிருந்தே அறிந்தவர். மறுபடி ஊதுகிறேன் என்று அவன் கெஞ்சியதைக் கேட்கவில்லை. "விசாரணை முடியற வரைக்கும் வண்டி கிடையாது. போய் வீட்டுல படு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவன் அக்கா வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. சாயங்காலம் தம்பி மனைவிதான் போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது.

"அண்ணி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு. மிஷின்ல மாட்டியிருக்காரு. தொடவே இல்லேங்கறாரு. எவ்வளவு சுலபமா சொல்றாரு பாருங்க, அப்ப சொன்ன மாதிரியே."

மருந்தக்கா போனோடு அலமாரிப் பக்கம் திரும்பினாள். அலமாரியில் பிட்டர்ஸ் பாட்டில் மூடிகூடச் சரியாகத் திருகாமல் நின்றுகொண்டிருந்தது. குடுத்தது நான்தானம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு.

"மிஷின் கோளாறா இருக்கும்மா. அவனைப் போட்டுத் திட்டாதே."

போனை வைத்ததும், இப்படியும் ஒருத்தி பேசுவாளா என்று தன்னையே வெறுத்தாள். முதலில் சொன்ன பொய்யையாவது பாசத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இதை எதில் எழுதுவது?

அந்த வாரம் அவள் நடைப்பிணமாகத்தான் கடைக்குப் போய்வந்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம், விசாரணையில் தானே சரியாகிவிடும், மிஷின் மேல் பழி போகட்டும் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சாக்கு. கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் கையிலிருந்த சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு, "நானும் அதை வெறும் கஷாயம்னுதானேடி நினைச்சேன்" என்றார். எழுந்து போய்க் கையைக் கழுவினார். திட்டியிருந்தால் தேவலை.

இருமலோடு ஒரு ஆள் வந்து மருந்து கேட்டபோது, "யாருக்கு, குடியை விட்ட..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தாள். மீதி வரவில்லை. செருமிப் பார்த்தாள். "என்னக்கா, உங்களுக்கும் இருமலா?" என்று கேட்டான் அந்த ஆள். கடையைக் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அப்படியே தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

தம்பி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். உள்ளே அவன் மனைவி யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலேயே முன்னறையில் பெண்களுக்கு முடி திருத்துபவள். கத்திரிக்கோல் சத்தம் படிவரை கேட்டது.

அக்கா வாயைத் திறப்பதற்கு முன் அவனே பேசினான்.

"அக்கா, மனுஷன் தனக்கே தெரியாம குடிப்பானா?"

"என்னடா சொல்றே?"

"இல்ல, யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். நான் எங்கயும் தொடலை. ஆனா மிஷின் பொய் சொல்லாதே. அப்ப தூக்கத்துல எழுந்து குடிச்சேனா? குடிச்சிட்டு மறந்துட்டேனா? முன்னெல்லாம் அப்படி மறந்திருக்கேனே. நேத்து ஒயின்ஷாப் வாசல் வரைக்கும் போயிட்டேங்க்கா. எப்படியும் குடிகாரன்னு முடிவாயிடுச்சு, குடிச்சாத்தான் என்னன்னு."

"குடிச்சியா?"

"இல்ல. திரும்பிட்டேன். எப்படித் திரும்பினேன்னு தெரியல."

அவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். அவனுக்கு வேலை நின்றதும், மானம் போனதும்தான் இந்த ஐந்தாறு நாளாக அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இப்படிப் படியில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தே பார்க்கவில்லை.

"நீ குடிக்கலடா. நான் குடுத்தேன்" என்றாள். "அந்தக் கறுப்புத் துளி. அதுல சாராயம் இருக்கு. விஸ்கியைவிட அதிகமா இருக்கு. எனக்கு முதல் நாள்லேருந்தே தெரியும்."

அவன் அவளையே பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவன் முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டு, "அப்பாடா, நான் இல்ல" என்றான். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "நான் கேட்டேனேக்கா" என்றான்.

"கேட்டே."

"நீ மருந்துக்கடைக்காரி. நீ ஒண்ணும் இல்லேன்னா, ஒண்ணும் இல்லதான்னு குடிச்சேன்."

கத்திரிக்கோல் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. வாசலில் தம்பி மனைவி சீப்போடு நின்றாள். "மிஷின் கோளாறுன்னீங்களே அண்ணி" என்று மட்டும் சொன்னாள். நாத்தனார் மேல் அவளுக்கு இருந்த மரியாதை அந்த ஒரு வரியோடு போய்விட்டது என்பது மருந்தக்காவுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை டிப்போ மேனேஜர் முன்னால் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. தம்பியைக் காப்பாற்ற அக்கா கட்டிய கதை என்று நினைத்தார். கைப்பையிலிருந்து பிட்டர்ஸையும் சோடாவையும் எடுத்து மேஜை மேல் வைத்தாள். "நான் குடிச்சுக் காட்டறேன் சார். என்னை ஊதச் சொல்லுங்க."

முதலில் வெறும் வாயால் ஊதினாள். பச்சை. பிறகு அங்கேயே ஒரு டம்ளரில் அதே அளவு கலந்து, மடமடவென்று குடித்துவிட்டு ஊதினாள். சிவப்பு. ஷிப்டு மாற வந்திருந்த டிரைவர்களும் கண்டக்டர்களும் கதவோரம் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் அவளிடம் மருந்து வாங்குகிறவர்கள். காலங்காத்தால டிப்போவில் நின்று சாராய மிஷினில் ஊதும் மருந்தக்காவை வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். காது சுட்டது. பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றாள். வாயில் ஒட்டியது போகட்டும் என்று சற்று நேரம் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். பச்சை.

மேனேஜர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அன்னைக்கே ரோட்டைத் தாண்டி வந்து சொல்லியிருந்தா அவனை நாங்க நிறுத்தியே வச்சிருக்க மாட்டோமேம்மா" என்றார். தம்பிக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தாராம்.

அதன் பிறகு ஞாயிறுகளில் தம்பி வரவில்லை. அவள் பாட்டில்களைத் தூக்கிப் போடவில்லை. கணவருக்கு எப்போதாவது கலந்து கொடுத்தாள். கை அதே அளவில்தான் உதறியது. தனக்கென்று மட்டும் கலந்துகொள்ளத் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் லிஃப்ட் மெக்கானிக் ஏணியிலிருந்து வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். யார் சொன்னார்களோ, தம்பி நண்பனின் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். மாமாவை முன் சீட்டில் சாய்த்து உட்காரவைத்தான். அக்கா பின்னால் ஏறினாள். வழியெல்லாம் மாமாவின் முனகலும் வைப்பர் சத்தமும்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்துத் திரும்பும்போது மருந்தின் மயக்கத்தில் கணவர் தூங்கிவிட்டார். அவள் அவனுடைய பின்கழுத்தைப் பார்த்தபடியே, "இன்னும் கோவமாடா?" என்றாள்.

"கோவம் எல்லாம் போயிடுச்சுக்கா." வளைவில் நிதானமாகத் திருப்பினான். "ஆனா உன் கையால எது குடுத்தாலும் வாங்க எனக்குக் கை வரமாட்டேங்குது. வேணும்னு பண்ணல. அதுவா அப்படி இருக்கு."

"சரிடா."

"அடுத்த ஞாயிறு வரோம். அவளையும் கூட்டிட்டு வரேன், வருவாளான்னு பார்ப்போம். சமைச்சு வை. குடிக்கறது என்னன்னாலும் நானே எடுத்துக்கறேன்."

இன்னும் எவ்வளவோ சொல்ல வேண்டும் போல இருந்தது அவளுக்கு. சொன்னால் அது தன் மனசு ஆறுவதற்காகத்தான் இருக்கும் என்று தோன்றியது. சரி என்று மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டு, தூங்குகிற கணவரின் தலை கண்ணாடியில் இடிக்காமல் பின்னாலிருந்து கையால் தாங்கிக்கொண்டாள்.